செப்புக்காசின் விலையும் மதிப்பும்

நேயர்களே, சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலே மாரி மழை ஓய்ந்த பின்னர், லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தியைக் கொத்துகின்ற ஒருவரின் மண்வெட்டியில் சில வேளை ஒரு சிறிய செப்புக்காசு தட்டுப்படுவதுண்டு. மண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஒரு புறம் இராணியின் தலை. மறுபுறம் ஆங்கில எழுத்தும் ஓர் ஆண்டும். அதை எடுத்தவர் முதலிற் செய்வது, புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவென்று துலக்குவது. அடுத்துக் கேட்பது, “இதற்கு என்ன விலை கிடைக்கும்?” என்பது.

இவ்விரண்டில் முன்னது பெரும் பிழை. பின்னது நியாயமான கேள்வி. ஆயினும் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்தக் காசு இம்மண்ணுக்கு வந்த வரலாற்றையும், பழங்காசு சேர்ப்போர் அதை எவ்வாறு நிறுக்கின்றனர் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் இத்தீவின் கரையோரத்தைக் கைப்பற்றிய தொடக்கத்தில், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கணக்கு முறையையே பின்பற்றினர். ஒரு ரிக்ஸ் டொலர் பன்னிரண்டு பணம் என்பது அக்கணக்கு. யானை உருவம் பொறித்த காசுகள் அக்காலத்தவை. 1825ஆம் ஆண்டிலே இந்த முறை மாறியது. பிரித்தானிய நாட்டின் பவுண், சிலிங், பென்னி ஆகியவையே இலங்கையின் நாணயம் என அறிவிக்கப்பட்டது. ஒரு ரிக்ஸ் டொலருக்கு ஒரு சிலிங்கும் ஆறு பென்னியும், அதாவது பதினெட்டுப் பென்னி, என்று விகிதம் வகுத்தனர். அப்படியானால் ஒரு பணம் என்பது ஒன்றரைப் பென்னி ஆயிற்று.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. இலண்டனில் வாழ்ந்தவருக்குப் பென்னி ஒரு சில்லறை. இலங்கைச் சந்தையிலே வெற்றிலையும் உப்பும் வாங்குகின்ற ஏழைக்கோ அது சற்றுப் பெரிய தொகை. பென்னியின் நாலில் ஒரு பங்காகிய பார்திங் கூட அவனுடைய தேவைக்குப் பருமனாகவே இருந்தது. ஆகவே, இலண்டன் அரச நாணயசாலை இலங்கையின் பொருட்டு 1828ஆம் ஆண்டிலே அரைப் பார்திங் என்னும் புதிய காசை அடித்தது. எட்டு அரைப் பார்திங் சேர்ந்தால் ஒரு பென்னி. பன்னிரண்டு சேர்ந்தால் நமது பழைய பணம் ஒன்று. அதுவும் போதாமல் 1839ஆம் ஆண்டிலே காற் பார்திங் வந்தது. பதினாறு காசு ஒரு பென்னிக்கு. இருபத்து நான்கு காசு ஒரு பணத்துக்கு. விரல் நுனியளவான அக்காசு ஒன்றேகால் கிராம் எடைகூட இல்லை. 1834 முதல் ஒன்றரைப் பென்னிக்குச் சிறு வெள்ளிக்காசும் அடித்தனர். நம்மவர் வழங்கிய பணத்துக்குச் சரியான ஈடு அது.

அரைப் பார்திங் இங்கிலாந்திலேயே செல்லுபடியானது 1842ஆம் ஆண்டில்தான். காற் பார்திங் அங்கு ஒருபோதும் புழங்கவில்லை. ஆங்கில அரசியின் உருவத்தைத் தாங்கிய அக்காசுகள் இலங்கை ஏழையின் கைக்கென்றே பிறந்தவை. இன்று பிரித்தானிய நாணயங்களைச் சேர்ப்போர் அவற்றைத் தம் பட்டியலிலே தனியிடம் கொடுத்துத் தேடுகின்றனர்.

1872ஆம் ஆண்டிலே ரூபாவும் சதமும் நடைமுறைக்கு வந்தன. ரூபாவை இரண்டு சிலிங் என்று கொண்டால், ஒரு சதம் ஏறத்தாழ ஒரு பார்திங். அரைச் சதமும் காற் சதமும் அரைப் பார்திங்கினதும் காற் பார்திங்கினதும் இடத்தை நிரப்பின. பென்னி விடைபெற்றது. ஆயினும் பேச்சுவழக்கு எதையும் எளிதில் விட்டுவிடுவதில்லை. துட்டு என்ற சொல் ஒல்லாந்தரின் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தது என்பர் அகராதியாளர். பொன்னை நாம் பவுன் கணக்கிலே நிறுப்பது ஆங்கிலேயரின் தங்க நாணயத்தால் வந்த வழக்கம். எட்டுக் கிராமுக்கு மிகச் சிறிதே குறைந்த அந்த நாணயம் மறைந்த பின்னும், மகளின் கழுத்துக்கு இத்தனை பவுன் என்றுதான் தோட்டத்துத் தாயும் கணக்குப் பார்க்கிறாள்.

சப்ரகமுவ தனி மாகாணமாக அமைந்தது 1889ஆம் ஆண்டில். இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளிலே அதற்கு முன்னரே கோப்பி பயிராயிற்று. 1869ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலே றப்பரும் மலைச்சரிவுகளை மூடின. கேகாலையை ஊடறுத்துச் செல்லும் கொழும்பு–கண்டிப் பெருவீதியோ 1820களில் அமைந்தது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை மாட்டுவண்டிகள் அவ்வழியே கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்கின. அரிசியையும் சில்லறையையும் மலைக்கு ஏற்றின. இவ்வரலாற்றை மனத்திற் கொண்டால், காசு கிடைத்த இடமும் அதன் ஆண்டும் சேர்ந்து பேசத் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றிலே 1844 என்று பொறித்த அரைப் பார்திங்கும், 1919 என்று பொறித்த பென்னியும் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னது பெரியது, கனமானது, எழுத்துத் தெளிவானது. ஆனால் 1919இல் இங்கு சந்தையிலே செல்லுபடியானது சதம். அந்தப் பென்னி ஒரு துரையின் சட்டைப்பையிலோ, ஒரு கப்பலாளின் பெட்டியிலோ வந்த விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். முன்னதோ இந்நாட்டிலே குடியிருந்த காசு. றப்பர் மரம் நடுவதற்கு முன்னர் அந்த மலையிலே யார் நடந்தனர், யார் விற்றனர், யார் வாங்கினர் என்ற கேள்வியை அது எழுப்புகின்றது.

இனி விலைக்கு வருவோம். பழமை மிகுந்தால் விலை மிகும் என்பது பலரும் கொண்டுள்ள நம்பிக்கை. பிரித்தானியப் பென்னிகளுள் மிகவும் பேர்பெற்றது 1933ஆம் ஆண்டுக் காசு. அந்த ஆண்டிலே புழக்கத்தில் ஏற்கனவே போதுமான பென்னிகள் இருந்தமையால், நாணயசாலை பொதுவழக்குக்கென்று பென்னி அடிக்கவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லின் கீழ் இடுவதற்கும் காட்சிக்குமாக ஒரு சிலவற்றையே அடித்தது. இன்று அவை பத்துக்கும் குறைவு. எனவே அதன் விலை ஒரு வீட்டின் விலைக்கு ஒப்பாயிற்று. 1936ஆம் ஆண்டுப் பென்னியோ பதினைந்து கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. அதற்கு அதிக விலை கொடுப்பாரில்லை. விக்டோரியா அரசியின் காலத்துப் பென்னியிற் பல, 1933ஆம் ஆண்டுக் காசிலும் முதியவை. ஆயினும் அவற்றின் விலை மிகச் சொற்பம். எத்தனை அடித்தனர், எத்தனை எஞ்சின, எத்தனை பேர் தேடுகின்றனர் என்ற மூன்றுமே விலையை ஆக்குகின்றன.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சிறு குறிகள். 1860க்கு முந்திய பென்னி செப்பினாலானது. ஏறத்தாழப் பத்தொன்பது கிராம் எடை. அதன் பின்னர் வந்தது வெண்கலம். எடை அதிற் பாதி. சில ஆண்டுகளிலே பேர்மிங்ஹாம் நகரத்து ஹீட்டன் நாணயசாலையும் பென்னி அடித்தது. அவற்றில் ஆண்டெண்ணை அடுத்து ‘எச்’ என்ற சிறு எழுத்துக் காணப்படும். 1918, 1919ஆம் ஆண்டுகளில் ‘கே என்’ என்ற எழுத்துக்களுடனும் சில வெளிவந்தன. அரைப் பார்திங்குகளிலே நாலாம் வில்லியம் மன்னரின் உருவம் பொறித்தது 1837ஆம் ஆண்டுக் காசு ஒன்றே. கண்ணாடி வைத்துப் பார்க்கும் பொறுமையுடையவனுக்கே இவை புலப்படும்.

மூன்றாவது, காசின் நிலை. அரசியின் கூந்தல் இழை தெரிகின்றதா, ஓரம் சிதையாமல் உள்ளதா, துளையிடப்பட்டதா என்று பார்ப்பர். குழந்தையின் அரைஞாணிலோ கழுத்திலோ கோத்த காசுகள் நம்மிடையே அதிகம். துளை விழுந்தால் சேர்ப்போனுடைய விலை வீழும். நூற்றாண்டுக் காலமாகச் செப்பின்மேற் படிந்த கரும்பழுப்பு நிறம் அதன் தோலைப் போன்றது. புளியிட்டுத் தேய்க்கும்போது அந்தத் தோல் உரிந்துவிடுகிறது. நுண்ணிய கோடுகள் விழுகின்றன. துலக்கிய கையே விலையைப் பாதியாக்கிவிடுகின்றது. இதனாலேதான் அதனைப் பெரும் பிழை என்றேன்.

நான்காவது, மெய்யும் பொய்யும். அரிய ஆண்டு எதுவோ, அதற்கே போலி உண்டு. பிற ஆண்டுக் காசின் இலக்கத்தைச் செதுக்கி 1933 ஆக்கியோர் உளர். எடையிற் குறைவு, காந்தத்தில் ஒட்டுதல், ஓரத்திலே வார்ப்பின் வடு, ஓரிலக்கம் மட்டும் மற்றவற்றோடு இசையாமல் நிற்றல் என்பன ஐயத்துக்கு இடமானவை. பெருவிலை பேசி வருபவரிடமும், “இது செல்லாக்காசு, நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று குறைவிலை பேசி வருபவரிடமும் ஒரே அளவு எச்சரிக்கை வேண்டும். நாலு பேரிடம் காட்டி, நாலு விலை கேட்டு, பின்னரே முடிவு செய்தல் நன்று.

இத்துணையும் விலையைப் பற்றியது. மதிப்பு என்பது வேறொன்று.

காசல்லாத சில வில்லைகளும் பழைய தோட்டப் பொருள்களிடையே உண்டு. கோப்பிக் காலத்திலே சில்லறைத் தட்டுப்பாடு மிகுந்தமையால், கொழும்புக் கோப்பி ஆலைகளும் கம்பனிகளும் தம் பெயர் பொறித்த செப்பு வில்லைகளைக் கூலிக்கு ஈடாகக் கொடுத்தன. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் 1843ஆம் ஆண்டு வில்லை அவற்றுள் ஒன்று. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் எழுத்தும் எண்ணும் வெட்டிய தகரத்துண்டைக் கழுத்திலே அணிந்து வந்தனர். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதை அதுவே சொல்லிற்று. துண்டு முறை என்ற ஒன்றும் இருந்தது. இத்தனை ரூபா கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுத்த சீட்டு அது. 1921ஆம் ஆண்டிலே சட்டம் அதை ஒழித்தது. காசின்மேல் அரசன் தன் தலையைப் பொறித்தான். துண்டின்மேல் தொழிலாளியின் கடன் பொறிக்கப்பட்டது. ஒன்றைச் சேர்ப்போன் கண்ணாடிப் பெட்டியிலே வைத்தான். மற்றொன்றைப் பெரும்பாலும் எவரும் பேணவில்லை.

இந்த மக்களுக்கு எழுதிய சான்று எவ்வளவு அருமையானது என்பது 1948ஆம் ஆண்டிலே தெரிந்தது. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிலே பிறந்தமையை நாட்டவேண்டும் என்று பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது. பிறப்புப் பதிவு எங்கே என்று கேட்டபோது பலர் வெறுங்கையை விரித்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குப் பயணமாயினர். எஞ்சியிருந்தோருட் பலருக்கு முழு உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெட்டியும் படுக்கையும் கட்டிய அந்நாட்களிலே, பழைய காசும் தகரமும் எவ்வளவு சிதறின என்று கணக்கிட எவருமிலர்.

ஒரு காசு எவருக்கும் பிரசாவுரிமை தராது. அதை நான் சொல்ல வரவில்லை. ஆனால் பதிவேட்டிலே பெயரில்லாத ஒரு தலைமுறை இந்த மலையிலே உழைத்துக் கூலி பெற்று உப்பு வாங்கியது என்பதற்கு, அவர்கள் கையிலே தேய்ந்த காசைவிட அணுக்கமான பொருள் பிறிதில்லை. தேய்ந்த காசுக்குச் சேர்ப்போன் விலை குறைப்பான். அந்தத் தேய்வைத்தான் வரலாறு படிக்கிறவன் முதலில் நோக்குவான்.

ஆகவே நேயர்களே, உங்கள் பாத்தியிலோ பாட்டியின் தகரப்பெட்டியிலோ அத்தகைய காசு கிடைத்தால், தேய்க்காதீர்கள். மெல்லிய துணியால் மண்ணை மட்டும் ஒற்றி எடுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த இடம், எந்த நாள் என்று ஒரு காகிதத்தில் எழுதி, காசோடு சேர்த்து ஓர் உறையிலே இடுங்கள். வீட்டிலே முதியவர் இருந்தால், அது யார் வைத்திருந்தது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். மண்ணுக்குள்ளே பழம்பொருட் குவியல் காணப்படுமாயின், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அதனை அறிவிக்குமாறு கோருகின்றது என்பதையும் மறவாதீர்கள். ஐயமிருப்பின் இரத்தினபுரியிலோ கொழும்பிலோ உள்ள நூதனசாலையாரிடம் காட்டலாம்.

அதன் பின்னர் விற்பதோ வைத்திருப்பதோ உங்கள் விருப்பம். வறுமை வந்தபோது காசை விற்றவனை யாரும் குறை சொல்லலாகாது. விற்க நேர்ந்தாலும், எழுதிய அந்தக் காகிதத்தின் படியொன்று உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.