மேசைப்பந்து வீரர் சந்திரசேகர்: 1984க்கு முன்னும் பின்னும்



போன வாரம் ஒரு மாணவனின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். "சேர், மகனுக்கு முழங்கால் நோவு. இனி விளையாட்டு வேணாம். அதால என்ன கிடைக்கப் போகுது?" என்று கேட்டார். அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சென்னை வி. சந்திரசேகரின் ஞாபகம் வந்தது.

சந்திரசேகர் மேசைப்பந்தில் மூன்று தடவை இந்தியாவின் தேசிய சம்பியன். 1982இல் அர்ஜுனா விருது பெற்றவர். அவருக்கும் முழங்காலில்தான் பிரச்சினை. 1984இல் சென்னையில் ஒரு வைத்தியசாலைக்குச் சத்திரசிகிச்சைக்காகப் போனார். (விக்டோரியா தண்ணீர் நம் பழைய தெல்தெனிய நகருக்குள் ஏறிய காலம் என்றால் மூத்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.) அங்கே ஏற்பட்ட சிக்கலில் மூளை பாதிக்கப்பட்டது. முழங்காலைச் சரிசெய்யப் போனவருக்குப் பார்வை, பேச்சு, நடை எல்லாம் போயின. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

பிறகு நீண்ட காலம் வழக்கு நடத்தி நட்டஈடு பெற்றார். அதைவிடப் பெரியது, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடக்கப் பழகியது. பார்வையும் நடையும் பழையபடி முழுதாகத் திரும்பவில்லை. அப்படியிருந்தும் மேசைக்குத் திரும்பி வந்தார், பயிற்சியாளராக.

ஓர் ஆசிரியனாக எனக்கு ஆச்சரியம் தருவது இந்த இடம்தான். சந்திரசேகர் ஆடிய காலத்தில் ஓர் ஆட்டம் 21 புள்ளிகளுக்கு, பந்து 38 மில்லிமீற்றர். 2000இல் பந்து 40 மில்லிமீற்றர் ஆனது. அடுத்த வருடம் ஆட்டம் 11 புள்ளிகளுக்கு இறங்கியது. பெரிய பந்தில் வேகமும் சுழற்சியும் குறையும். 11 புள்ளி ஆட்டத்தில் ஆரம்பத்தில் பின்தங்கினால் எட்டிப் பிடிக்க அவகாசமில்லை. ஆக, தான் போட்டிகளில் ஆடாத ஓர் ஆட்டத்தைத்தான் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பாடத்திட்டம் ஒரு தடவை மாறினாலே நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும்!

அவரிடம் சிறு வயதில் பழகியவர்களில் ஒருவர் ஞானசேகரன் சத்தியன். பொறியியலும் படித்து முடித்தவர். ("விளையாடினால் படிப்புக் கெட்டுப்போகும்" என்பவர்கள் கவனிக்க.) 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் சத்தியனும் இருந்தார். 2019இல் உலகத் தரவரிசையில் முதல் 25 பேருக்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் ஆசிய சம்பியன்ஷிப்பில் ஜப்பானின் ஹரிமோட்டோவை நேர் செட்களில் தோற்கடித்தார். ஹரிமோட்டோ அப்போது உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர்.

சந்திரசேகர் 2021 மே மாதம் கொரோனாவில் காலமானார். நாமும் வீடுகளுக்குள் முடங்கிக் கிடந்த நாட்கள் அவை. அந்தச் செய்தி நம் பக்கம் பெரிதாக எட்டவில்லை.

அந்த வாப்பாவுக்கு இதை வட்ஸ்அப்பிலும் அனுப்பியிருக்கிறேன். வாசித்துவிட்டு ஒப்பரேஷன் என்றாலே பயந்துவிடக் கூடாது என்பதற்காக, மகனை முதலில் கண்டியில் நல்ல எலும்பு டொக்டர் ஒருவரிடம் காட்டும்படியும் சொல்லியிருக்கிறேன். கால் சுகமாகும் வரை பாடசாலை மேசைப்பந்துப் போட்டிகளில் புள்ளி எண்ணும் வேலை மகனுக்கு.