ஹைதராபாத்தில் உருவான ஜே ஷார்ப்

1998 நவம்பரில் ஹைதராபாத் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட்டும் அந்த நகரத்தில் தன் மென்பொருள் உருவாக்க மையத்தைத் தொடங்கியது. அங்கே உருவான ஒரு நிரல்மொழியை இன்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதன் பெயர் ஜே ஷார்ப்.

அது பிறந்ததற்குக் காரணம் ஒரு வழக்கு. ஜாவா மொழியைத் தன் வசதிக்கு வளைத்து விஷுவல் ஜே பிளஸ் பிளஸ் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் விற்றுவந்தது. ஒப்பந்த மீறல் என்று 1997இல் ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நீதிமன்றம் போனது. 2001 ஜனவரியில் 2 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டது. ஜே பிளஸ் பிளஸ்ஸில் எழுதிப் பழகியவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

இதற்கிடையில், 2000 ஜூனில், மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட் என்ற மென்பொருள் தளம் அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கான நிரலை எந்த மொழியில் எழுதினாலும் அது முதலில் பொதுவான ஓர் இடைநிலை மொழிக்கு மாறும். ஓடும்போதுதான் கணினிக்கு நேரடியாகப் புரியும் கட்டளைகளாகும். இணையப் பக்கங்களுக்கு ஏஎஸ்பி டாட் நெட், மேசைக்கணினிச் செயலிகளுக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸ்; இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தலைமையில் உருவான சி ஷார்ப் இதன் முதன்மை மொழியானது. 2002 பிப்ரவரியில் டாட் நெட்டின் முதல் பதிப்பு வெளியானது.

ஜாவாக்காரர்களை இந்தத் தளத்துக்கு அழைத்துவரும் பொறுப்பு ஹைதராபாத் பொறியாளர்களிடம் வந்தது. எளிய வேலையல்ல அது. ஜாவாவின் இலக்கணம் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தைத் தொடக்கூடாது. அதற்கான கம்பைலரையும் பழைய ஜாவா நூலகங்களுக்கு ஈடான தொகுப்பையும் அவர்கள் செய்து முடித்தார்கள். 2002இல் ஜே ஷார்ப் வெளியானது.

ஆயுள்தான் குறைவு. ஜாவா தன் வழியில் வேகமாக வளர்ந்தது. புதிதாக வருபவர்கள் நேராக சி ஷார்ப்பையே கற்றார்கள். 2007 ஜனவரியில் ஜே ஷார்ப்பை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. விஷுவல் ஸ்டுடியோ 2008இல் அது இல்லை.

ஹைதராபாத்தின் கணினி வரலாறு என்றால் அமீர்பேட்டைச் சொல்வார்கள். ஜாவாவும் டாட் நெட்டும் கற்றுத்தரும் பயிற்சி மையங்கள் நெருக்கியடிக்கும் அந்தத் தெருக்களுக்கு அந்தப் புகழ் தகும். ஆனால் அடுத்தவர் செய்த கருவியைக் கற்றுக்கொண்டதோடு அந்த நகரம் நின்றுவிடவில்லை. உலகம் பயன்படுத்திய கருவி ஒன்றைத் தானே செய்தும் கொடுத்தது. அந்த வரலாற்றை எழுதுபவர்கள் ஜே ஷார்ப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.