வெட்டினால் காணி, விட்டால் காடு

பின்லாந்துக் காடுகளில் ஏறத்தாழ 60 வீதம் தனியாருக்குச் சொந்தம். அங்கே ஒரு குடும்பம் தன்ர காட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி விக்கலாம், புதுசா நடலாம், ஒண்டும் செய்யாமல் பிள்ளையளுக்கு விட்டிட்டும் போகலாம். வன்னியில் ‘என்ர வயல்’, ‘என்ர வளவு’ எண்டு சொல்ல நிறையப் பேர் இருக்கினம். ‘என்ர காடு’ எண்டு சொல்ல ஆளில்லை. இலங்கையின் நிலத்தில் 80 வீதத்துக்கு மேல் அரசுடையது. இது எப்படி வந்தது என்று தேடினால் 1840 இல் போய் நிற்போம்.

அந்த ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் ஒரு எளிய விதியைச் சொன்னது. காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குச் சொந்தம். பழைய கண்டிப் பகுதிகளுக்கு வெளியே, சேனை நிலமும் காடு அல்லது தரிசு என்றே கொள்ளப்படும்.

சேனைக்காரர் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து, குரக்கனோ எள்ளோ விதைப்பார்கள். ஓரிரு போகம் எடுத்தபிறகு பல வருசத்துக்கு அதை விட்டுவிடுவார்கள். காடு திரும்ப வளரும், மண் தேறும். அவர்களைப் பொறுத்தவரை அப்படி விடுவதும் நிலத்தைப் பராமரிக்கும் முறைதான். சட்டத்தின் கண்ணுக்கு அது கைவிட்ட நிலம். கையில் உறுதி இல்லாதவர் எதைக் காட்டி நிரூபிக்கிறது?

முடி அந்தக் காட்டைச் சும்மா பாதுகாக்கவும் இல்லை. முதிரைக்கும் கருங்காலிக்கும் நல்ல விலை இருந்தது. பாலை மரம் ரயில்பாதைச் சிலிப்பர் கட்டையாகப் போனது. 1905 இல் வவுனியா, கிளிநொச்சி ஊடாகக் காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1907 இல் வந்த 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம்தான், பல திருத்தங்களோடு, இண்டைக்கும் வனத் திணைக்களத்தின் அடிப்படை.

பிறகு 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். இரணைமடுவின் கீழும் பிற குளங்களின் கீழும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ‘பெர்மிட் காணி’ பெற்றது இதன் வழியாகத்தான். ஆனால் பெர்மிட்டுக்கு நிபந்தனை அபிவிருத்தி. அதாவது வெட்டவேணும், விதைக்கவேணும். நிற்கிற மரம் ‘இவர் இன்னும் ஒண்டும் செய்யேல்லை’ என்பதற்குச் சாட்சி. ஒரே திட்டத்தில் காணி எடுத்தவர்களும் ஒரே மாதிரி நடக்கவில்லை. சிலர் அடியோடு வெட்டினார்கள். சிலர் மேட்டுக்காணியில் நிழலுக்கும் பழத்துக்கும் பாலையை விட்டார்கள். சிலர் பிள்ளையின் வீட்டுக் கூரையை நினைத்து வேலியோரம் தேக்கு வைத்தார்கள். அந்தத் தேக்கை வெட்டி லொறியில் ஏற்றவும் அனுமதி வேணும்.

பெரிய அளவில் காட்டு நிலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் குத்தகைப் பண்ணைக்காரர்கள். முல்லைத்தீவின் தெற்கே கென்ற் பாம், டொலர் பாம் இரண்டும் தமிழ் முதலாளிகளின் நீண்டகாலக் குத்தகை நிலங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு அங்கே மலையகக் குடும்பங்கள் குடியேறின. 1984 இல் அரசு அவர்களை வெளியேற்றி, சிங்களக் கைதிகளையும் அவர்களின் குடும்பங்களையும் அங்கே இருத்தியது. அதே ஆண்டு நவம்பர் 30 இல் புலிகளின் தாக்குதலில் அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். குத்தகைப் பத்திரம் அந்த மண்ணில் யாரையும் காப்பாற்றவில்லை.

2009 க்குப் பிறகு ஊர் திரும்பிய பலர் கண்டது பற்றையும் வளர்ந்த மரமும், நடுவில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும். சேனைக்காரருக்கு நடந்ததே இடம்பெயர்ந்தவருக்கும் நடந்தது. நீ இல்லாதபோது மரம் வளர்ந்தால் நிலம் உன்னுடையதல்ல. அவர்கள் விரும்பி விட்டுப் போகவில்லை என்பதை மரத்தின் வயது சொல்லாது.

2001 இன் ஒரு சுற்றறிக்கை, பிரகடனப்படுத்தப்படாத எஞ்சிய காடுகளை வனத் திணைக்களத்திடம் கொடுத்தது. 2020 இல் அது நீக்கப்பட்டு, அதிகாரம் பிரதேச செயலாளர்களிடம் போனது. சூழலியலாளர்கள் பயந்தார்கள், அந்தப் பயம் நியாயமானது. குளங்களுக்கு நீர் தருகிற காடு அழிந்தால் வயலும் இல்லை. ஆனால் இரண்டு சுற்றறிக்கையும் கேட்டது எந்த அலுவலகத்துக்கு அதிகாரம் என்பதைத்தான். ஊருக்கு என்ன உரிமை என்று ரெண்டும் கேட்கவில்லை.

நேபாளம் 1993 இன் வனச் சட்டத்தில் ஊர்ப் பயனாளர் குழுக்களிடம் காட்டைப் பராமரிக்கக் கொடுத்தது. இந்தியா 2006 இல் வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. ரெண்டிலும் குறைகள் இருக்கு. ஆனால் மரம் நிற்கும்போதே மனிதருக்கு உரிமை இருக்கலாம் என்று அவை ஒத்துக்கொண்டன. வன்னியில் 180 வருசத்துக்கு மேலாகச் சட்டம் எங்கட சனத்துக்குச் சொல்லித் தந்தது, வெட்டினாத்தான் காணி எண்டு. அந்தப் பாடத்தை மாத்தாமல், ‘சனம் காட்டை அழிக்குது’ எண்டு மட்டும் நாங்கள் கதைக்கேலாது.