நான்கு வரிசை

மார்சிலிங்கை அடுத்த கிராஞ்சிப் போர் நினைவகத்தில் லெப்டினன்ட் அட்னான் பின் சைடியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. மேனாட்டுக் கௌபாய் படங்களில் பொய்யனை ஒரே பார்வையில் அறியும் கூர்மதியாளரைக் கண்டு வியக்கிறோம். அத்தகைய கண் இவருக்கு வாய்த்திருந்தது.

1942 பிப்ரவரி 14 அன்று புக்கிட் சாண்டு குன்றை மலாய்ப் படைப்பிரிவு காத்து நின்றது. இந்தியச் சிப்பாய்களைப் போலத் தலைப்பாகை அணிந்த ஓர் அணி நெருங்கிற்று. இந்தியப் படையினரும் அப்போது தீவைக் காத்தமையால் அவ்வேடம் எளிதில் எடுபட்டிருக்கும். ஆனால் பிரிட்டிஷ் முறைப்படி பயின்றோர் மூன்று வரிசையாக நடப்பர். வந்தவர்களோ நான்கு வரிசையாக நடந்தனர். ஜப்பானியரே எனத் தெளிந்த அட்னான், அவர்கள் அருகில் வந்ததும் சுடுமாறு ஆணையிட்டார். படையில் சேருமுன் ஓராண்டுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்தவர் அவர். மாணவர் வரிசையைப் பார்த்துப் பழகிய கண் போலும்!

பின்னர் ஜப்பானியர் பெருந்திரளாக ஏறி வந்தனர். அன்றே அட்னான் கொல்லப்பட்டார். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.