சா-சா-சா ஆட்டத்தில் பாதமும் இடுப்பும்: சாரி இலக்கணத்தின் வழியே ஒரு நோக்கு

சா-சா-சா ஆட்டம் கற்பிக்கும் இடங்களில் முதல் வகுப்பிலேயே காதில் விழும் ஏவல் 'இடுப்பை ஆட்டு' என்பது. இந்த ஏவல் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்வாட்டத்தின் அடிப்படை அடிவைப்பில் இடுப்பசைவு விளைவாகவே தோன்றுகிறது. பாதம் தரையில் பதியும் முறை, உடற்பாரம் கால் மாறும் நேரம், முழங்கால் நீளும் கணம் ஆகிய மூன்றும் கூடினால் இடுப்பு தனக்குரிய இடத்துக்கு வந்து சேரும். கூடாவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் அது ஒட்டவைத்த அலங்காரமாகவே நிற்கும். கூபாவில் பிறந்த ஆட்டத்தைப் பற்றிய இக்கூற்றைச் சோதித்துப் பார்க்க, ஆர்.கே.பேட்டையும் திருத்தணியும் சூழ்ந்த வட்டாரத்தின் ஆட்டங்களும் தறி வேலையும் போதுமான சான்று தருகின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950களின் தொடக்கத்தில் ஹவானாவில், தான்சோன், மாம்போ இசையின் குறுக்குத் தாளத்துக்கு ஆடுவோர் தடுமாறுவதைக் கண்ட வயலின் கலைஞர் என்ரிகே ஹொரின், அழுத்தம் தெளிவாக விழும் மெட்டுகளை அமைத்தார். 'லா எங்கனியாதோரா' 1953இல் இசைத்தட்டாயிற்று. ஆடுவோரின் கால்கள் தளத்தில் உரசிய ஓசையே ஆட்டத்தின் பெயராயிற்று என்பர். இதை இங்கிலாந்தில் பரப்பியதில் பியர், டோரிஸ் லவெல் இணைக்குப் பெரும்பங்கு உண்டு. 1961இல் வெளிவந்த வால்டர் லேர்டின் நூல் லத்தீன் ஆட்ட நுட்பத்தை இலக்கணமாக வகுத்தது.

அடிப்படை அடிவைப்பு இது: நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டாம் எண்ணுக்கு ஆண் இடக்காலை முன்வைக்கிறார், மூன்றாம் எண்ணுக்குப் பாரம் வலக்காலுக்குத் திரும்புகிறது, நான்காம் எண்ணிலும் அதன் பாதியிலும் அடுத்த ஒன்றிலுமாக இடப்பக்கம் மூன்று சிற்றடிகள். பிறகு இதுவே வலக்காலில் பின்னோக்கி நடக்கும். பெண் இதை எதிர்க்காலில் ஆடுகிறார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி வேகத்தில் ஓர் எண்ணிக்கை அரை நொடி. சிற்றடிகளில் முதல் இரண்டும் கால் நொடிதான். பாதம் பெரும்பாலும் முன்பாதத்தில் ஊன்றிப் பின் குதிகால் இறங்கும். தரையை விட்டு எழாமல் அழுத்தி நகரும். பாரம் வந்து சேரும்போது அந்தக் கால் நீண்டிருக்கும். மறுகாலின் முழங்கால் தளர்ந்து மடங்கும்.

இடுப்பின் கணக்கு இந்தக் கடைசி விவரத்தில்தான் இருக்கிறது. ஒரு கால் நீண்டு பாரம் தாங்க, மறுகால் மடங்கினால், மடங்கிய பக்கத்தில் இடுப்பெலும்பு சற்றே தாழ்கிறது. தாங்கும் பக்கம் உயர்ந்து வெளியே ஒதுங்குகிறது. இடுப்பின் பக்கவாட்டில் உள்ள குளூட்டியஸ் மீடியஸ் தசை அந்தச் சரிவை அளவோடு நிறுத்துகிறது. கால் நொடிச் சிற்றடிகளில் இடுப்பசைவு குறுகியும், ஒன்றாம், இரண்டாம் எண்ணிக்கைகளில் நிறைந்தும் தெரிவதற்குக் காரணமும் இதுவே: நீளவும் அமரவும் அரை நொடியாவது வேண்டும்.

நம் இலக்கண மரபு இதற்குப் புறம்பானதன்று. பாதம், கணைக்கால், தொடை, இடுப்பு ஆகிய நான்கும் ஒருங்கே இயங்குவதைச் 'சாரி' என்று பரதரின் நாட்டிய சாஸ்திரம் வரையறுக்கிறது; நிலத்தில் 16, வானில் 16 என 32 சாரிகளை வகுக்கிறது. ஐவகைப் பாதங்களுள் 'உத்கட்டிதம்' என்பது முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தரையில் இறக்குவது. ஐவகை இடுப்பசைவுகளுள் 'உத்வாகிதம்' என்பது இரு பக்கமும் மாறிமாறி மெல்ல உயர்வது. பெண்களின் ஒயில் நடைக்கு அது உரியது என்கிறது நூல். சா-சா-சாவின் பாதமும் இடுப்பும் தனித்தனியே அங்கே இருக்கின்றன. பாதத்தை முதலிலும் இடுப்பை ஈற்றிலும் பரதர் வைத்திருப்பதைக் கொண்டு காரண வரிசை பேசுவது மிகை. ஆனால் 'ஒருங்கே' என்ற நிபந்தனையை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. இடுப்பை மட்டும் தனியே அசைப்பது இந்த வரையறைப்படி சாரி ஆகாது.

இனி எதிர்ச்சான்றுகளைப் பார்க்கலாம். முன்பாதம் ஊன்றிக் குதிகாலை இறக்கினால் மட்டும் இடுப்பு அசையுமா? பரதநாட்டியத்தின் குதித்து மெட்டடவு 'இல்லை' என்கிறது. அதில் முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தட்டுகிறோம். ஆயினும் அரைமண்டியில் இரண்டு முழங்கால்களும் ஒரே அளவில் மடங்கி, பாரம் நடுவில் நிற்பதால் இடுப்பு நிலை மாறுவதில்லை. முழங்கால்கள் மாறிமாறி நீண்டால் போதுமா? ஆர்.கே.பேட்டை ஒன்றியத்து அம்மையார்குப்பம் நெசவுக்குப் பெயர்பெற்றது. குழித்தறியில் அமர்ந்தவர் மிதிக்கட்டைகளைக் கால் மாற்றி அழுத்துகிறார். ஒரு முழங்கால் நீள, மற்றது மடங்குகிறது. நாள் முழுதும் இது நடந்தும் இடுப்பு ஆடுவதில்லை. பாரம் இருக்கையில் தங்கிவிட்டது. காலுக்கு அது மாறவேயில்லை. முதல் சான்றில் பாதம் உண்டு, முழங்கால் வேறுபாடு இல்லை. இரண்டாவதில் முழங்கால் வேறுபாடு உண்டு, பாரமாற்றம் இல்லை. இரண்டிலும் இடுப்பு அசையாததால், மூன்றும் ஒருசேர வேண்டும் என்பது பெறப்படுகிறது.

கரகாட்டம் வேறொரு கேள்வியைத் தீர்க்கிறது. காலை நீட்டி நின்றால் தலை மேலெழ வேண்டும். சா-சா-சாவில் தேர்ந்தவரின் தலையும் தோளும் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் செல்வது எப்படி? தலையில் கரகம் இருக்க, நையாண்டி மேளத்தின் விரைவுக்குக் காலும் இடுப்பும் இயங்குவதைப் பார்த்தவருக்கு விடை தெரியும். கீழிருந்து வரும் ஏற்றத்தை இடுப்பும் முதுகெலும்பும் வாங்கிக்கொள்கின்றன. இடுப்பெலும்பு சாயும்போது அதன் நடுப்பகுதி தாழ்வதால், நீண்ட காலின் உயரம் தலைவரை போய்ச் சேர்வதில்லை. மனித நடை பற்றிய தங்கள் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையில் சாண்டர்ஸ், இன்மன், எபர்ஹார்ட் மூவரும் இடுப்பெலும்பின் சாய்வு உடல் மையத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதாக எழுதினர். பிற்கால அளவீடுகள் அன்றாட நடையில் அதன் பங்கு சிறிது என்று காட்டின. அங்கே சிறிதாயிருப்பதைத்தான் ஆட்டம் பெருக்குகிறது. எனவே இடுப்பசைவைக் கவர்ச்சிக்காகச் சேர்த்தது என்று கொள்வதைவிட, மேலுடலின் அமைதிக்குக் கொடுக்கும் விலை என்று கொள்வது பொருந்தும்.

இவ்வட்டாரத்துக்கு இந்தக் கோணம் அந்நியமன்று. ஆர்.கே.பேட்டை இருக்கும் அதே மாவட்டத்தில்தான் ஐந்து சபைகளுள் இரத்தினசபையான திருவாலங்காடு உள்ளது. இறைவன் ஒரு காலை நேர்மேலே உயர்த்த, காளியால் அதை ஆட இயலவில்லை என்பது தலபுராணம். வெற்றி தோல்வியை முடிவு செய்தது கால்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாதமும் பாரமும் சரியாக இருந்தும் இடுப்பு அசையாத மாணவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அது தானாக வரும் விளைவு எப்படி ஆகும்? அவர்களில் பரதம் பயின்றோரைக் கவனித்தால் காரணம் விளங்கும். இடுப்பை நடுவில் பூட்டி வைக்க ஆண்டுக்கணக்கில் பழகிய தசைகள், பாரம் மாறியபின்னும் பூட்டைத் திறப்பதில்லை. ஆகவே 'விளைவு' என்ற சொல்லோடு ஒரு திருத்தம் வேண்டும்: இடுப்பை அசைக்க வேண்டியதில்லை, தடுக்காமலிருக்கப் பழக வேண்டும். இரண்டாவது மறுப்பு, அமெரிக்கப் பாணியில் மடங்கிய முழங்காலில் அடிவைத்துப் பிறகே நீட்டுகிறார்களே என்பது. அங்கே நீளும் கணம் தள்ளிப்போகிறது. இடுப்பும் அதே அளவு தள்ளிப்போகிறது. இது வாதத்தை அசைக்காமல் உறுதியே செய்கிறது. போட்டி ஆட்டக்காரர்கள் விலா, வயிற்றுத் தசைகளால் சுழற்சியைத் தொடங்குவதும் உண்மை. அது அடிப்படை கைவந்தபின் சேரும் மெருகு.

பயிற்சிக்கு இதிலிருந்து கிடைக்கும் ஒழுங்கு எளியது. இசையில்லாமல், நின்ற இடத்தில், ஒரு காலில் முழுப் பாரம் வந்ததா என்று மறுகாலைச் சற்றே தூக்கிச் சோதிப்பது முதல் பாடம், நீளும் முழங்கால் இரண்டாவது, சிற்றடிகள் கடைசி. தளமும் கவனத்துக்குரியது. லத்தீன் ஆட்டக் காலணிக்கு மெல்லிய தோலடி இருப்பது பாதம் வழுக்கிச் சுழல்வதற்காக. சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு பழகும்போது முன்பாதம் ஒட்டிக்கொள்ளும். இடுப்பு திரும்ப, பாதம் திரும்பாமல், இடையில் உள்ள முழங்கால் முறுக்கப்படும். அத்தகைய கூடத்தில் திருப்பங்களைத் தள்ளிவைத்து, நேர்முன், நேர்பின், பக்கவாட்டு அடிகளோடு நிறுத்திக்கொள்வதே சரி.