வானம் பார்த்த பூமியின் கள்ளுக்கடை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கள்ளுக்கடை பனையை ஒட்டிப் பிறந்தது. எம்.ரெட்டியபட்டி போன்ற மானாவாரி ஊர்களில் மழை பொய்த்தாலும் பனை பாளை விடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் அது தானே நொதித்துக் கள்ளாகும். ஒரு நாள் தாண்டினால் புளித்துவிடும் என்பதால் கள்ளைத் தொலைவுக்குக் கொண்டுபோக வழியில்லை. ஆகவே மரம் நின்ற இடத்தை ஒட்டியே கடை இருந்தது. பக்கத்துக் காட்டில் உழைத்தவர்களே அங்கே குடித்தார்கள். ஏறியவர், விற்றவர், குடித்தவர் மூவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை, தரையில் இருக்கை, கையில் பனையோலைப் பட்டை, கடிக்கக் கருவாடோ அவித்த பயறோ. பாளைப் பருவம் முடிந்தால் கடையும் ஓய்ந்துவிடும்.

1886-இன் சென்னை ஆப்காரிச் (மதுவரி) சட்டத்தின் கீழ் கள் இறக்கும் மரத்துக்கு வரியும் கடைக்கு ஏலமும் நிலைபெற்றன. ஏலம் எடுத்தவருக்குப் போட்ட பணத்தை மீட்க விற்பனை பெருகியாக வேண்டும். இப்படிக் கள்ளுக்கடை அரசின் நிலையான வருமான வழியானது.

அதே காலத்தில் வாடிக்கையாளரிலும் பிளவு விழுந்தது. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் வணிகத்தால் உயர்ந்த நாடார்கள் தம் மரபான பனைத்தொழிலிலிருந்து விலகி, மகமை என்னும் பொதுநிதியால் வணிகப் பேட்டைகளும் பள்ளிகளும் அமைத்தனர். 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கள்ளை விடும்படி தம் மக்களை வற்புறுத்தியது. வசதியும் மதிப்பும் உள்ளவர்கள் விலக விலக, கள்ளுக்கடை ஏழைக் கூலிகளின் இடமாகச் சுருங்கியது. அதன் மீது படிந்த இழிவு குடியால் மட்டும் வந்ததல்ல. அங்கே யார் உட்கார்ந்தார்கள் என்பதாலும் வந்தது.

ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. இழந்த ஆப்காரி வருவாயை ஈடுகட்டவே 1939-இல் விற்பனை வரி வந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்து கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறந்தன, 1974-க்குள் மூடப்பட்டன; 1981-இல் மீண்டும் திறந்தன, 1987-இல் மறுபடி மூடப்பட்டன. இந்த இரு முறையும் கள்ளோடு சாராயமும் விற்றதால், களைப்பாற வந்தவரோடு விரைவில் போதை தேடியவரும் சேர்ந்தார். பழைய கூட்டம் அத்தோடு குலைந்தது.

1983-இல் மொத்த விற்பனைக்கென உருவான அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. புட்டி சரக்கு கெடாது. எங்கே காய்ச்சியதும் எங்கும் விற்கும். அதில் சாராயச் சத்து 42.8 விழுக்காடு, கள்ளில் ஏறத்தாழ 5 மட்டுமே. கடைக்கு வருபவர் வழிப்போக்கராகவும் இருக்கலாம், பெயர் கேட்பார் இல்லை. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்ற உச்ச நீதிமன்ற ஆணையால் 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. அவற்றைக் குடியிருப்புகளுக்குள் இடம் மாற்ற முயன்றபோது எதிர்த்து முன்னின்றவர்கள் பெண்கள்.

கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இன்றும் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம்; அரசே புட்டி மது விற்கும் மாநிலத்தில் இந்தத் தடைக்கு நியாயம் இல்லை.