கூரைமேற் கருவியும் கூடத்துப் புகையும்



1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இலண்டன் மாநகரின்மீது கவிந்த புகைப்பனி ஐந்து நாட்கள் விலகாது நின்றது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அக்காலத்தில் அங்கு வளியின் மாசினை அளந்த முறை மிக எளியது. வெளியிலுள்ள வளியை வெண்ணிற வடிதாளொன்றினூடாக இழுப்பர். தாளிற் படியும் கறையின் கருமையைக் கொண்டு புகையின் அளவைக் கணிப்பர். மக்களோ நாளின் பெரும்பகுதியை வீட்டினுள்ளே கழித்தனர். இவ்வேறுபாட்டின் முழுப் பொருளும் பின்னரே விளங்கிற்று.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால், நிலக்கரி எரிப்பது மீண்டும் பெருகுமென்ற அச்சம் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்தது. அதனால் விளையக்கூடிய கேட்டினை அறிய, ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பெஞ்சமின் பெரிஸ், பிராங்க் ஸ்பைசர் ஆகியோர் ஆறு நகரங்களைத் தேர்ந்து 1974இல் ஆய்வு தொடங்கினர். வெளியே மட்டுமன்றி வீடுகளினுள்ளும் கருவிகள் வைக்கப்பட்டன. அக்கருவிகள் காட்டியதோ வேறொரு புகை! நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரட் புகைப்பவர் ஒருவர் இருப்பின், அவ்வீட்டு வளியில் கன மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்கிரோகிராம் நுண்துகள் மேலதிகமாகச் சேர்ந்தது.

இது சிறு தொகையென எண்ணவேண்டாம். ஆறு நகரங்களுள் மிக மாசடைந்தது, உருக்காலைகள் நிறைந்த ஸ்டியூபன்வில். அங்கு வெளிவளியில் நுண்துகள் ஏறத்தாழ 30 மைக்கிரோகிராம். மிகக் குறைவாக மாசடைந்த போர்டேஜில் 11. ஆகவே, இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டினை ஒரு தனிமனிதர் தம் சாய்மனைக் கதிரையிலிருந்தே உண்டாக்கிவிடக்கூடும். ஆலைப் புகையைக் கண்டு முகஞ்சுளிப்போர் இதனை மாசென்று கொள்வதில்லை என்பது வியப்புக்குரியதே.

இதிலிருந்து பெரிய சிக்கலொன்று பிறந்தது. ஸ்டியூபன்வில்லில் இறப்பு மிகுந்திருப்பின் பழி யாருக்கு, ஆலைக்கா, சிகரட்டுக்கா? புகையிலையைக் கணக்கிற் கொள்ளாவிடின் ஆலையின்மேல் வீண்பழி விழலாம். எல்லாவற்றையும் புகையிலையின் தலையிற் கட்டினால் ஆலை தப்பிவிடும். ஆதலின் ஆய்வாளர் 8,111 பேரிடமும் புகைக்கும் பழக்கத்தை விசாரித்து, அவர்களைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். 1993இல் முடிவு வெளிவந்தது. வயது, கல்வி, புகைத்தல் முதலியவற்றின் விளைவை நீக்கிய பின்னரும் போர்டேஜைக் காட்டிலும் ஸ்டியூபன்வில்லில் இறப்பு வீதம் 26 சதவீதம் கூடுதலாயிருந்தது.

இவ்வாய்வையும் சான்றாகக் கொண்டு, 1997இல் வெளிவளி நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி 15 மைக்கிரோகிராம் என அமெரிக்க அரசு எல்லை வகுத்தது. மேலே கண்ட சிகரட் பெட்டி தனித்தே அவ்வெல்லையைத் தாண்டும். ஆயினும் வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே செல்ல அவ்விதிக்கு உரிமையில்லை.

ஆலைத் தரப்பினர் முடிவை ஏற்க மறுத்தனர். அரசும் மோட்டார்த் தொழிற்றுறையும் சேர்ந்து பணம் வழங்கும் நிறுவனமொன்று மூல ஏடுகளைப் பெற்று மீண்டும் முதலிலிருந்து கணித்தது. 2000ஆம் ஆண்டில் அதன் அறிக்கை வெளிவந்தது. பழைய முடிவே உறுதியாயிற்று.